லெந்து காலத்தில் ஒரு சவுண்ட் கார்டு

‘உங்கள் குரல் நன்றாக இருக்கிறது. ஆனால் பதிவின் பின்னணியில் ஓர் இரைச்சல் தொடர்ந்து கேட்கிறது. அது இல்லாத மாதிரிப் பதிவு ஒன்றை வருகிற திங்கட்கிழமை மாலை ஏழரை மணிக்குள் அனுப்பவும்.’

முதல் வரியோடு மெயிலை முடித்திருந்தால் அன்றைக்குத் தெருவில் இறங்கி ஆடியிருப்பேன். இந்த ‘ஆனால்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் மட்டும் கையில் கிடைத்தால் இருக்கிறது அவனுக்கு.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடப் பாடங்களைக் குரலில் பதிவு செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ஒரு கம்பெனிக்கு மாதிரி அனுப்பியிருந்தேன். வேலை கிடைத்தால் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பேசிப் பிழைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் சென்னை. ஏற்கெனவே வேலை பார்க்கிற கம்பெனி, வீட்டிலிருந்து செய்தது போதும், அடுத்த மாதம் எல்லோரும் ஆபீஸுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டது. நான் போய்விட்டால் அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைக்க அம்மா ஒருத்திதான். அம்மாவின் இடுப்பு அதற்கு லாயக்கில்லை. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்று பாடம் நடத்திவிட்டு வருகிற டீச்சர் இடுப்பு அது.

ஆக, சென்னைக்கும் எனக்கும் நடுவில் ஓர் இரைச்சல்.

ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். இருந்தது. ‘கிர்ர்ர்ர்’ என்று ஒரு வண்டு டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி. நான் மூச்சு வாங்குகிற இடைவெளியில் எல்லாம் அதுதான் பேசியது. இரைச்சலை எடுக்கிற சாஃப்ட்வேரில் போட்டு எடுத்தேன். வண்டு போனது. கூடவே என் குரலும் போய், குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிறவள் மாதிரி ஆகிவிட்டேன்.

கூடப் படித்தவன் ஒருத்தன் பெங்களூரில் இருக்கிறான். கம்ப்யூட்டர் விஷயத்தில் எல்லாம் தெரிந்தவன் என்று அவனே சொல்லிக்கொள்வான். அவனுக்குப் போன் போட்டேன்.

“எதுல பதியுத?”

“சிபியூ பின்னாடி மைக்கு ஓட்டை இருக்குல்லா, அதுல.”

“ஆன்போர்டு ஆடியோவா? ஏட்டி, நீயெல்லாம் எதுக்கு இன்ஜினியரிங் படிச்ச? மதர்போர்டுல ஓசியா வைக்கான் அத. கேமு வெளாடுத பயலுக்கு வெடிச்சத்தம் கேட்டாப் போதும்னு வச்சது. உன் தொண்டைக்கு அது தாங்காது. தனியா ஒரு சவுண்ட் கார்டு வாங்கு.”

“வாங்குனா போயிருமா?”

“போவும்.”

“போவலேன்னா?”

“போவலேன்னா சென்னைக்குப் போ. பஸ் ஏத்திவிட நான் வாரேன்.”

“வைலே போனை.”

உண்மையில் எனக்கு வாங்க மனசில்லை. ஆசைப்பட்டு ஒரு சாமான் வாங்குவது வேறு. மருந்துக்கடைக்கு நடந்து நடந்தே கால் தேய்ந்துபோன வீட்டில், வேலை செய்யுமா செய்யாதா என்று தெரியாத ஒன்றை வாங்கிவந்து பிரிப்பது வேறு. அதற்கும் மேலே, நான் சலித்துப்போயிருந்தேன். டிசம்பரிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் சலிப்பு. யாரும் வெளியே சொல்வதில்லை.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசியாக அவர் போன வண்டி மாஞ்சோலை எஸ்டேட் வண்டி. மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் அப்பாவின் “உள்ள ஏறிப் போ, உள்ள ஏறிப் போ” அடுத்த வளைவு வரைக்கும் கேட்கும் என்பார்கள். எஸ்டேட்டை மூடியதால் அந்த ஜனங்கள் இப்போது மலையை விட்டுக் கீழே வந்துவிட்டார்கள். அப்பாவின் குரலும் அதே மாதிரிதான் இறங்கிவிட்டது.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து வாரங்கள் வந்ததும் மொட்டைமாடியில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுவது அப்பாவின் வேலை. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கட்டுவார்கள். ஆனால் மூங்கில் நடுவது, கயிறு கட்டுவது, வயர் இழுப்பது என்று ஒன்றிலும் அப்பா வேறு யாரையும் கைவைக்க விடமாட்டார். புத்தாண்டு முடிந்ததும் இறக்குவதும் அவரேதான். இந்தத் தடவையும் கட்டினார். கட்டி ஒரு வாரத்தில் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கையும் காலும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. வாய் கொஞ்சம் கோணியிருந்தது. ஜனவரியில் அம்மா மெதுவாக, “எலக்ட்ரீசியன வரச்சொல்லி ஸ்டார எறக்கிருவமா?” என்று கேட்டாள்.

“நான்... எறக்குதேன்” என்றார் அப்பா.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா என் அறைக்கு வந்து ஸ்டார் சுவிட்சைப் போடுவாள். அப்பாவின் கட்டில் முன்னறையில் ஜன்னலை ஒட்டி. எதிர்வீட்டு மாடிச் சுவரில் சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் மாறி மாறி விழும். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

ஜனவரி போயிற்று. பிப்ரவரியும் ஓடிற்று. லெந்து வந்துவிட்டது. லெந்து என்றால் இயேசு பாடுபட்டதை நினைத்து அடங்கி ஒடுங்கி இருக்க வேண்டிய நாற்பது நாள். எங்கள் சபையில் கல்யாணம்கூட வைக்கமாட்டார்கள். கறி எடுக்காத வீடுகளும் உண்டு. ஊரே இருண்டு கிடக்க எங்கள் மாடியில் மட்டும் கிறிஸ்துமஸ் பளபளவென்று நடந்துகொண்டிருந்தது.

பக்கத்துவீட்டுப் பெரியம்மா மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். “என்ன டீச்சர், ஸ்டாரப் பாத்துட்டு வார மூணு ஞானியளும் இன்னும் வந்து சேரலியோ?”

“வந்துக்கிட்டுதான் இருக்காவ. வண்ணார்பேட்டையில டிராஃபிக்காம்” என்றாள் அம்மா.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உள்ளே வந்து குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் முகம் கழுவினாள்.

புதன்கிழமை முருகன்குறிச்சியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சியிடம் இரைச்சலைப் போனில் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ கச்சேரி கேட்கிற மாதிரி கேட்டார்.

“ஆன்போர்டு சவுண்டுங்கது ஓட்டல்ல கேக்காமலே வைக்கிற ஊறுகா மாதிரிம்மா. இலையில இருக்கும். ருசின்னு சொல்ல முடியாது.”

“அண்ணாச்சி, ஊறுகாய விடுங்க. கார்டு போட்டா இது நிக்குமா நிக்காதா?”

“முக்காவாசி நிக்கும்.”

“கால்வாசிக்கு யாரப் போய்ப் பாக்க?”

அண்ணாச்சி சிரித்தார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். “கொண்டுபோய்ப் போட்டுப் பாரு. சரியா வந்தா வச்சுக்க. வரலேன்னா கொண்டாந்து குடு. ஒங்கப்பா வண்டியில நான் தொங்கிட்டுப் போன நாளுக்குக் கணக்கு கெடையாது. எப்படி இருக்காவ இப்ப?”

“நல்லா இருக்காவ அண்ணாச்சி.”

எல்லோரிடமும் சொல்கிற பதில் அது. வாய்க்கு வேலையே இல்லாமல் தானாக வந்துவிடும்.

வியாழக்கிழமை சிபியூவைப் படுக்கப்போட்டுத் திறந்தேன். உள்ளே இருந்த தூசியில் ஒரு பாத்தி கீரை விதைத்திருக்கலாம். கார்டைச் சொருகி, திருகி, மூடி, மைக்கை அதில் மாட்டினேன். என் பதிவு நேரம் ஆறரைக்கு மேல்தான். காலையில் அப்பாவைக் குளிப்பாட்டுவதும், கை காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ அண்ணன் வருவதும் போவதும். மத்தியானம் கம்பெனி வேலை ஒழிந்தாலும், மின்விசிறி போட்டால் மைக்கில் காற்று இரையும். போடாவிட்டால் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற அந்த அறையில் ஆள் வெந்துவிடும். பொழுது சாய்ந்து சுவர் கொஞ்சம் ஆறின பிறகு ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் உண்டு.

உட்கார்ந்தேன். ஹெட்போன் மாட்டினேன்.

கிர்ர்ர்ர்.

முன்னைவிடக் கொஞ்சம் குறைவு. வண்டு டப்பாவிலிருந்து டிரங்குப்பெட்டிக்குள் போயிருந்தது, அவ்வளவுதான். பெங்களூர்க்காரனுக்குப் போன் போட்டேன். “அந்தக் கார்டு பத்தாது. வெளிய வைக்கிற பெட்டி ஒண்ணு இருக்கு, அத வாங்கு” என்றான்.

“அப்புறம் அதுவும் பத்தாது, புது வீடு வாங்குன்னு சொல்லுவ.”

“ஐடியா நல்லாத்தான இருக்கு?”

அன்றைக்குக் கார்டை முறைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா, இன்னும் பெரியதாக ஒன்று வாங்குவதா? எதை யோசித்தாலும் கொட்டாவிதான் வந்தது.

வெள்ளிக்கிழமை அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே லெந்து ஆராதனைக்குப் போய்விட்டாள். வர நேரமாகும் என்று சொல்லியிருந்தாள். அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, அவர் கண்ணயர்ந்ததும் என் அறைக்கு வந்தேன். பெரிய எதிர்பார்ப்பெல்லாம் இல்லை. பழக்கத்துக்கு ஹெட்போனை மாட்டினேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

மைக் வயர் கழன்றுவிட்டதோ என்று ‘உப்’ என்று ஊதினேன். காது கிழிந்தது. மைக் இருந்தது. இரைச்சல்தான் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாச்சி வாழ்க, கார்டு வாழ்க. மடமடவென்று வாசிக்க ஆரம்பித்தேன். ஏழாம் வகுப்பு அறிவியல், இலைகள் எப்படி உணவு தயாரிக்கின்றன. முதல் பக்கம் முடிகிற நேரத்தில் அம்மா செருப்பைக் கழற்றுகிற சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“ஐயோ, இருட்டிட்டே! ஏட்டி, நீயாவது ஸ்டாரப் போடப்படாதா? அப்பா முழிச்சா தேடுவாவல்லா?”

சுவிட்சைத் தட்டினாள்.

கிர்ர்ர்ர்.

ஹெட்போனைக் கழற்றாமலே “அம்மா, அத ஆஃப் பண்ணு” என்றேன். பண்ணினாள். நின்றது. “போடு.” வந்தது. “ஆஃப் பண்ணு.” நின்றது. அம்மாவுக்கு நான் லூசாகிவிட்டேனோ என்று பயம் வந்துவிட்டது. “சாப்பிட்டியா இல்லையா?” என்றாள்.

விளக்கம் சுலபம்தான். அந்த ஸ்டாருக்குள் இருக்கிற பல்பு சரங்களுக்கு ஒரு மட்டமான அடாப்டர். எங்கள் வீடோ பழைய வயரிங், எர்த் என்பதே கிடையாது. அடாப்டர் போடுகிற சத்தம் கரண்ட் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் வந்து என் குரலோடு சேர்ந்து பாடம் நடத்தியிருக்கிறது. கம்ப்யூட்டரை வேறு பிளக்கில் மாற்றிச் சொருகிப் பார்த்தேன். வீடு முழுக்க ஒரே லைன், வித்தியாசமே இல்லை. மதர்போர்டு பாவம். அதற்கு இத்தனை நாள் திட்டு.

சனிக்கிழமை ஆறரைக்கு, யாரிடமும் சொல்லாமல், ஸ்டாரை அணைத்தேன். அரை மணி நேரம்தானே. வாசிக்கத் தொடங்கி நாலு வரி போயிருக்காது. முன்னறையிலிருந்து அப்பாவின் குரல்.

“ஏட்டி... கரண்டு போச்சா?”

ஓடினேன். “ஆமாப்பா. இப்பந்தான் போச்சு. வந்துரும்.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு இடது கையைப் பையத் தூக்கி மேலே காட்டினார். அவர் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“இது... காத்துலயா சுத்துது?”

எனக்கு அசிங்கமாகப் போய்விட்டது. ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா அவளையும் பார்த்தார்.

“எல்லாரும்... பொய்யி. அந்தப் பிசியோ... சூப்பர் சார்ங்கான். பாஸ்டர்... அடுத்த வாரம் கோயிலுக்கு வந்துருவீங்கங்காரு. நீயி... கரண்டு போச்சுங்க.”

படுத்த பிறகு இத்தனை நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுக்கப் போனேன், தள்ளிவிட்டார். சரி, இனி என்ன என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரைச்சலை, மெயிலை, கார்டை, திங்கட்கிழமையை. சென்னைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அதுவரை அவருக்கு அது தெரியாது.

“சொல்லலியே?”

“சொல்லி என்னப்பா செய்ய? நீங்க படுத்துக் கெடக்கிய.”

“படுத்துதான கெடக்கேன்? காது... கேக்குமுல்லா?”

அம்மா சேலைத்தலைப்பை எடுத்தாள். அப்பா அவளைக் கவனிக்கவில்லை. எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தார். அங்கே வெளிச்சம் இல்லை.

“எவ்ளோ நேரம்... ஆஃப் பண்ணணும்?”

“அரை மணி நேரம் போதும்.”

“இதுக்கா... பொய்யி?” என்றவர் கொஞ்சம் யோசித்தார். “சுவிட்ச... இங்கன கொண்டா.”

“எந்தச் சுவிட்ச?”

“ஸ்டாரு சுவிட்சு. என்கிட்ட. நான் போடுதேன்... நான் ஆஃப் பண்ணுதேன்.” பிறகு, எங்களுக்கு மறந்துவிடக்கூடாது என்பது மாதிரி, “எறக்குததும் நான்தான்” என்றார்.

என் அறையிலிருந்து ஸ்டாருக்குப் போகிற வயர் முன்னறை ஜன்னல் வழியாகத்தான் மாடிக்கு ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் மெயினை அணைத்துவிட்டு அந்த வயரை வெட்டி, பழைய கட்டில் விளக்கிலிருந்து கழற்றின தொங்கு சுவிட்சை நடுவில் பொருத்தினேன். முதல் தடவை ஏதோ மாற்றி முறுக்கி, ஃப்யூஸ் ‘டப்’பென்று போனது. “லெந்துல செத்துத் தொலைக்காதட்டி, சபையில பதில் சொல்ல முடியாது!” என்று அம்மா கத்தினாள். இரண்டாம் தடவை சரியாக வந்தது. சுவிட்சை அப்பாவின் வலது கைப்பக்கம் தலையணையில் வைத்தேன். இடது பக்கம் வைக்கலாமே என்று அம்மா கண்ணால் கேட்டாள். அப்பா வலது பக்கத்தைத்தான் காட்டினார்.

பிசியோ அண்ணன் மூன்று மாதமாக அந்த விரல்களில் ஒரு மஞ்சள் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அதைக் கையால் தொடவே அருவருப்புப் பட்டார். “பச்சப்புள்ளைக்கி... குடுக்குத சாமான்.” பஸ் நிறைய ஜனத்துக்கு நடுவில், கம்பியைப் பிடிக்காமல் நின்று, எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்த விரல்கள்.

அன்றைக்கே ஒத்திகை. நான் என் அறையில் ஹெட்போனோடு. எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “அப்பா, ஓல்டான்!” என்று கத்தினேன். பஸ்ஸை நிறுத்தக் கண்டக்டர் கொடுக்கிற குரல்.

அடுப்படியில் அம்மா சிரிப்பது கேட்டது. வண்டு சட்டென்று நின்றது.

“இவ்வளவு சீக்கிரமா! வலது கையாப்பா?”

“வலதுதான்.”

“பொய்யி” என்றாள் அம்மா. “எடது. நான் பாத்துக்கிட்டுதான நிக்கேன்.”

“இந்த வீட்ல... இவளும் ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டரு” என்றார் அப்பா.

திங்கட்கிழமை மத்தியானம் முருகன்குறிச்சிக்குப் போய்க் கார்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

“என்னம்மா, வேல செய்யலியா?”

“கார்டு நல்லாத்தான் வேல செய்யுது அண்ணாச்சி. கோளாறு எங்க வீட்டு ஸ்டார்ல.”

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. “லெந்துலயா ஸ்டாரு?” என்றார். “அப்பா எப்படி இருக்காவ?” என்று மறுபடியும் கேட்டார்.

“வலது கை இன்னும் வரல அண்ணாச்சி. பேச்சு கொஞ்சம் வருது. நல்லாவே திட்டுதாவ.”

ஆறரைக்கு உட்கார்ந்தேன். மைக் பழையபடி மதர்போர்டு ஓட்டையில். ஏழரைக்குள் அனுப்பியாக வேண்டும். “ஓல்டான்!” என்றேன்.

கிர்ர்ர்ர்.

காத்திருந்தேன். நிற்கவில்லை. எழுந்துபோய் ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது, அல்லது அம்மாவைக் கூப்பிட்டால் முடிந்தது. புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். இரைச்சல் ஒரு தரம் தடுக்கியது. கிர்... நின்றது மாதிரி இருந்து, மறுபடி கிர்ர்ர். சுவிட்சைப் பாதி அமுக்கி விரல் வழுக்கினால் அப்படித்தான் வரும். மறுபடி ஒரு தடுக்கல். முன்னறையில் அம்மா பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்குக் கழுத்து வலித்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. சென்னை ஒருபக்கம் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. கிர். கிர்ர். கிர்.

நின்றது.

அம்மா இந்தத் தடவை பொய் என்று கத்தவில்லை.

ஒரே மூச்சில் வாசித்தேன். நடுவில் ஒரு சொல் இடறியது, அதைத் திருத்த நேரமில்லை, அப்படியே அனுப்பினேன். அதற்கே வேலை கொடுத்தார்கள். சென்னைக்கு ராஜினாமா போட்டேன்.

இப்போது தினமும் இதுதான். சட்டென்று நின்றால் இடது கை, அவருக்கு அன்றைக்கு உடம்பு முடியவில்லை என்று அர்த்தம். விக்கி விக்கி நின்றால் வலது. ஸ்டார் இன்னும் மாடியில்தான் தொங்குகிறது. வருகிற கிறிஸ்துமஸுக்கு வேறே ஸ்டார் வாங்க வேண்டாம் என்று பெரியம்மா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சொல்கிறாள். எனக்கு வாசித்து வாசித்துத் தொண்டை கட்டிவிடுகிறது. அம்மாவுக்கு இடுப்பு வலி அப்படியேதான்.

பாடம் முடிந்ததும், “ரைட், போலாம்!” என்று ஒரு குரல் கொடுக்கிறேன். ஹெட்போனை உடனே கழற்றுவதில்லை. காதில் ஒன்றுமே இல்லாமல் கொஞ்ச நேரம் போகும். சில நாள் ரொம்ப நேரம் போகும். உட்கார்ந்திருப்பேன்.

கிர்... கிர்ர்ர்ர்.